ஒரு டம்ளர் காபிக்குப் பின்னால் எத்தனை கிராம்?

பில்டரா, மோக்காவா, காகிதத்தில் வடிப்பதா, பொடி அடைத்த சின்னக் குப்பியைப் போட்டு இறக்கும் காப்ஸ்யூல் இயந்திரமா, எதை வாங்கலாம் என்று கேட்பவர்கள் முதலில் ஒரு தராசு வாங்குவது நல்லது. ஒரு கிராம் வரை காட்டும் சின்ன சமையலறைத் தராசு போதும். குவித்து எடுத்த ஒரு ஸ்பூன் காபிப் பொடி ஒரு வீட்டில் 5 கிராம் இருக்கும், பக்கத்து வீட்டில் 9 கிராம் இருக்கும். அந்த 4 கிராமில் டம்ளரின் ருசியும் மாறுகிறது, அந்தக் காபி பூமிக்கு வைக்கும் சுமையும் மாறுகிறது. சாமான் எந்த உலோகம், மின்சாரத்தில் ஓடுவதா அடுப்பில் வைப்பதா என்ற கேள்விகளெல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020-ல் பிரேசிலிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் இங்கிலாந்துக்குப் போகும் அராபிகா வகைக் காபியைக் கணக்குப் போட்டார்கள். வழக்கமான முறையில் விளைந்து போய்ச்சேரும் ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்குச் சுமார் 15 கிலோ கார்பன் வெளியேற்றம் வந்தது. உரத்தை அளவாகப் போட்டு, விமானத்துக்குப் பதில் கப்பலில் அனுப்பினால் அதே கிலோவுக்கு 3.5 கிலோதான். நம் கொட்டை குடகிலிருந்தோ ஏற்காட்டிலிருந்தோ லாரியில் வருவது, அதனால் இந்த இரண்டு எண்களையும் அளவுகோலாக மட்டும் கையில் வைத்துக்கொள்வோம். ஒரே பயிருக்கு நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம் வருகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எந்தப் பாத்திரத்தில் போட்டாலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் வராது.

இன்னும் இரண்டு எண்கள் வேண்டும். ஒரு கிலோ வறுத்த காபிக்கு 1.19 கிலோ பச்சைக் கொட்டை போகிறது. ஒரு கிலோ இன்ஸ்டன்ட் பொடிக்கு 2.6 கிலோ போகிறது. இவை சர்வதேச காபி அமைப்பு கணக்கிடுவதற்கு வைத்திருக்கும் விகிதங்கள்.

நம் பில்டர்

நாலு டம்ளருக்கு 40 கிராம் பொடி, 220 மில்லி தண்ணீர். பொடி தன் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீரைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ஆகவே 80 மில்லி சக்கையில் தங்கி, 140 மில்லி டிகாக்‌ஷன் இறங்கும். ஆளுக்கு 35 மில்லி டிகாக்‌ஷன், 100 மில்லி பால். 'தண்ணீர் விட்டது இவ்வளவு, வந்தது இவ்வளவுதானா' என்று மேலும் மேலும் விட்டுக்கொண்டே போவதால்தான் பல வீடுகளில் முதல் டிகாக்‌ஷனே இரண்டாம் டிகாக்‌ஷன் மாதிரி இருக்கிறது.

மேல் அடுக்கு ஈரமில்லாமல் இருக்க வேண்டும். பொடியைப் போட்டு, பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிச் சமப்படுத்துங்கள். குடையை (பொடியின் மேல் வைக்கும், காம்புள்ள ஓட்டைத் தட்டு) வைத்து அரைச் சுற்றுத் திருப்பி, அதன் எடையோடு விரல் எடை மட்டும் சேரும்படி அழுத்துங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் பொறுங்கள். முதலில் 40 மில்லி மட்டும், குடையின் மேல் சுற்றி விடுங்கள். பொடி நனைந்து, வறுத்தபோது உள்ளே அடைபட்ட வாயு நுரையாக வெளியேறும். அரை நிமிடம் கழித்து மீதி 180 மில்லியை ஒரே சீராக விட்டு மூடிவிடுங்கள். சொட்டுச் சொட்டாக இறங்கி, 15 முதல் 20 நிமிடத்தில் பெரும்பகுதி முடிந்துவிட வேண்டும்.

ஐந்து நிமிடத்தில் கொட்டிவிட்டதென்றால் பொடி கொரகொரப்பாக இருக்கிறது, அல்லது பில்டர் பெரிசு. இந்த இரண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. எட்டு பேருக்கான பில்டரில் இரண்டு பேருக்குப் பொடி போட்டால், அது அடியில் மெல்லிய படுகையாகப் பரவிக் கிடக்கும். தண்ணீர் அதைத் தொட்டும் தொடாமலும் ஓடிவிடும். மெலிந்த டிகாக்‌ஷனைப் பார்த்து அடுத்த நாள் ஒரு ஸ்பூன் கூடப் போடுவார்கள். அது வருஷம் முழுக்க ஓடும் வீண்செலவு. தினமும் இரண்டு பேர் குடிக்கும் வீட்டில் இரண்டு பேர் பில்டர் ஒன்று தனியாக இருப்பது கட்டாயம். விருந்தாளி வரும்போது பெரியதை எடுக்கலாம். மேல் அடுக்கில் பொடி மூன்றில் ஒரு பங்காவது நிற்கிறதா என்று பாருங்கள்.

முக்கால் மணி நேரமாகியும் இறங்கவில்லை என்றால் காரணம் நாலில் ஒன்று. பொடி மைதா போல் நைஸாக இருக்கும். விரலிடையில் தேய்த்தால் ரவையைவிட மெல்லியதாக, ஆனால் மணி மணியாகத் தெரிய வேண்டும். இரண்டாவது, சிக்கரி கூடிப்போயிருக்கும். சிக்கரி தண்ணீர் பட்டதும் ஊறி உப்பி, வழியை அடைக்கும். மூன்றாவது, குடையை அளவுக்கு மேல் அழுத்தி உட்கார வைத்திருப்பீர்கள். நாலாவது, காற்று. இரண்டு அடுக்கும் இறுக்கமாகப் பொருந்தும் புது பில்டரில், கீழே இருக்கும் காற்று வெளியேற இடமில்லாமல் டிகாக்‌ஷனை மேலேயே தாங்கிப் பிடித்துக்கொள்ளும். மேல் அடுக்கை நூலளவு தூக்கி மறுபடி வைத்தால் சட்டென்று சொட்ட ஆரம்பிக்கும். அப்படி ஆரம்பித்தால் கோளாறு பொடியில் இல்லை.

பில்டரின் கண்கள் (ஓட்டைகள்) அடைத்திருக்கிறதா என்று பார்க்க, மேல் அடுக்கை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். ஓரத்துக் கண்கள்தான் முதலில் மூடும். காபி எண்ணெய் படிந்து காய்ந்த அடைப்பு சோப்புக்குப் போகாது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு, பில்டரை அதில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு பிரஷ்ஷால் தேய்த்தால் போகும். எவர்சில்வர் பில்டரை அடுப்பில் நேரடியாகக் காட்டி எரிப்பதும் உண்டு, அது தாங்கும். ஈயம் பூசிய பித்தளை பில்டரை அப்படிக் காட்டவே கூடாது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், பூச்சு போய்விடும். பூச்சு போன பித்தளையில் புளிப்புத் தன்மையுள்ள டிகாக்‌ஷனை நிறுத்தி வைப்பது நல்லதல்ல. மறுபடி ஈயம் பூசித்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாம் டிகாக்‌ஷனைப் பற்றி நிறையப் பேர் இளக்காரமாகப் பேசுகிறார்கள். அது தப்பு. முதல் முறை ஒரு பங்கு பொடிக்கு ஐந்தரைப் பங்கு தண்ணீர்தான் விடுகிறோம். அவ்வளவு கொஞ்சம் தண்ணீரால் பொடியில் இருக்கும் சாரம் முழுவதையும் இழுக்க முடியாது. நல்ல பங்கு உள்ளேயே நிற்கும். இரண்டாம் முறை 100 மில்லி விட்டால், சக்கை ஏற்கெனவே நனைந்திருப்பதால், ஏறக்குறைய 100 மில்லியும் கீழே வந்துவிடும். அதைத் தனியாகக் குடிக்காதீர்கள், சப்பென்று இருக்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி ஃபிரிட்ஜில் வைத்து, மாலைக் காபிக்குப் புதிதாக 40 கிராமுக்குப் பதில் 25 கிராம் போட்டு இறக்கி, அதோடு கலந்துவிடுங்கள். ஒரு நாளைக்கு 15 கிராம் மிச்சம் என்றால் வருஷத்துக்கு ஐந்தரைக் கிலோ பொடி. இருபது சதவீதம் சிக்கரி கழித்து, பச்சைக் கொட்டையாக மாற்றினால் 5 கிலோவுக்கு மேல். மேலே சொன்ன அளவுகோலில் 18 முதல் 78 கிலோ கார்பன். எந்தப் புதுச் சாமானும் வாங்காமலே இவ்வளவு குறைகிறது.

ஆறிய டிகாக்‌ஷனை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதீர்கள். கசப்பு ஏறி, வாசனை போய்விடும். பாலைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து அதன் சூட்டிலேயே டிகாக்‌ஷனை ஏற்றுவதுதான் முறை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததென்றால் வெந்நீர்க் கிண்ணத்துக்குள் இரண்டு நிமிடம் நிறுத்தினால் போதும்.

சிக்கரிக்கும் ஒரு வார்த்தை. அது குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளையும் கிழங்கு, வறுத்துப் பொடிப்பது. அதில் காஃபீன் கிடையாது. தண்ணீரில் கரையும் பொருள் காபியைவிட வெகு அதிகம், அதனால்தான் நிறமும் கெட்டியும் உடனே வருகிறது. சட்டப்படி கலவையில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும், விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். 53:47 என்று போட்டிருக்கும் பாக்கெட்டை 80:20 விலைக்கு வாங்கிவிடாமல் அந்த வரியைப் படியுங்கள். 15 முதல் 20 சதவீதம் சிக்கரி பில்டருக்குச் சரி. அதற்கு மேல் போனால் குடிப்பது சிக்கரிதான்.

மோக்கா

1933-ல் இத்தாலியில் பியாலெட்டி வெளியிட்ட எண்கோண அலுமினியப் பாத்திரத்தின் வம்சம் இது. கீழே தண்ணீர், நடுவில் பொடி, மேலே காபி. நீராவி ஒன்று, ஒன்றரை பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில் தண்ணீரைப் பொடி வழியே மேலே தள்ளுகிறது. எஸ்பிரெஸ்ஸோ, அதாவது இயந்திர அழுத்தத்தில் இறக்கும் கெட்டிக் காபி, 9 பாரில் இறங்குவது, ஆகவே இதை எஸ்பிரெஸ்ஸோ என்று சொல்வது சரியில்லை. பாலுக்குத் தாங்கும் திடமான காபி என்று சொல்லலாம், அது நிஜம்.

மூன்று கப் அளவுள்ளதில் 150 மில்லி தண்ணீர், 16 கிராம் பொடி. தண்ணீர் பாதுகாப்பு வால்வுக்குக் கீழே நிற்க வேண்டும். பச்சைத் தண்ணீரை விட்டு அடுப்பில் ஏற்றினால் அது சூடாகும் வரை பொடியும் சேர்ந்து வறுபட்டு, இரும்பு வாடை மாதிரி ஒரு கசப்பு வரும். வெந்நீரை விட்டு, துணியால் பிடித்து இறுக்கி, சிறு தீயில் வையுங்கள். பொடியை அமுக்கக் கூடாது. மூடியைத் திறந்து வைத்துப் பாருங்கள்: முதலில் கெட்டியான பழுப்பு நிறத்தில் மெதுவாக ஊறி வரும், பிறகு தேன் நிறமாகும், பிறகு வெளிறிப்போய் புஸ் புஸ் என்று துப்ப ஆரம்பிக்கும். அந்தத் துப்பலுக்கு முன்னாலேயே அடுப்பை அணைத்து, அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட வேண்டும். 'மோக்கா கசக்கிறது' என்ற புகாரில் முக்கால்வாசி இந்தக் கடைசி அரை நிமிடத்தில் வருவது.

சிக்கரி கலந்த பொடியை இதில் போடாதீர்கள். உப்பி அடைத்தால் அழுத்தம் போக வழியில்லாமல் வால்வு பீய்ச்சும். மரையில் கசிந்தால் முதலில் விளிம்பில் பொடி ஒட்டியிருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள், பிறகு ரப்பர் வளையத்தை மாற்றுங்கள். வளையம் கடினமாகி வெடிப்பு விட்டிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. வாங்கும்போதே இரண்டு உபரி வளையம் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். வளையம் கிடைக்காமல் முழுப் பாத்திரமும் பரணுக்குப் போவது நடக்கிறது. நம் கேஸ் அடுப்பின் தாங்கி அகலமானது, சின்ன மோக்கா அதில் நிற்காது. ஒரு வளையத் தாங்கி தேவை. அலுமினியம் இண்டக்‌ஷனில் வேலை செய்யாது, அதற்கு எவர்சில்வர் மோக்கா வேண்டும். அலுமினியத்தைப் புளி, பாத்திரம் தேய்க்கும் பவுடர் எதுவும் போட்டுத் தேய்க்காமல், வெந்நீரில் அலசிக் காயவைத்துப் பூட்டுங்கள். ஈரத்தோடு பூட்டினால் உள்ளே வெள்ளை வெள்ளையாக அரிப்பு பிடிக்கும்.

இதில் இறங்குவது 120 மில்லி சுமாருக்கு. நம் டிகாக்‌ஷனைவிட இளசு என்பதால் ஆளுக்கு 60 மில்லி காபிக்கு 75 மில்லி பால் போதும். டம்ளருக்கு 8 கிராம் பொடி, பால் கால் பங்கு குறைவு. இந்தக் கால் பங்கு ஏன் முக்கியம் என்பதைப் பால் கணக்கில் பார்க்கலாம்.

காகிதமும் கண்ணாடியும்

ஜெர்மனியின் மெலிட்டா பென்ட்ஸ் 1908-ல் மை ஒற்றும் காகிதத்தை வெட்டிக் காபி வடித்ததிலிருந்து வந்த முறை இது. கூம்பில் 15 கிராம் பொடி, மொத்தம் 250 மில்லி தண்ணீர். காகிதத்தை முதலில் வெந்நீரில் நனைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் காகித வாடை வரும். 40 மில்லி விட்டு 40 விநாடி பொறுத்து, மீதியை இரண்டு மூன்று தவணையாகச் சுற்றி விட்டால் மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும். நாலு நிமிடம் தாண்டினால் பொடி நைஸ், கசக்கும். இரண்டு நிமிடத்திலேயே ஓடிவிட்டால் பொடி கொரகொரப்பு, புளிக்கும். பில்டருக்கு அரைத்த பொடியை இதில் போட்டால் காகிதத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். சிக்கரியும் கூடாது.

காகிதத்துக்கு உடல்நல நோக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. காபி எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் என்ற பொருள் ரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றும். காகிதம் அதைப் பெரும்பாலும் பிடித்துவிடும், உலோகச் சல்லடை பிடிக்காது. பொடியை ஊறவைத்து உலோகச் சல்லடையால் அழுத்தும் ஃபிரெஞ்ச் பிரஸ்ஸில் அது அப்படியே கோப்பைக்கு வரும். கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைக் கருத்தில் கொள்வது நல்லது. காகிதம் மக்கும் பொருள், சக்கையோடு சேர்த்தே உரக்குழிக்குப் போகலாம். துணி வடிகட்டி காகிதத்தை மிச்சப்படுத்தும், ஆனால் ஒவ்வொரு முறையும் வெந்நீரில் அலசி, ஃபிரிட்ஜில் தண்ணீரில் மூழ்கவைத்துக் காப்பாற்ற வேண்டும். ஒரு நாள் மறந்தால் எண்ணெய் சிக்கு வாடை ஏறிவிடும், பிறகு போகாது.

ஃபிரெஞ்ச் பிரஸ் எளிது: 30 கிராம் கொரகொரப்பான பொடி, 500 மில்லி தண்ணீர், நாலு நிமிடம், மேலே மிதக்கும் பொடியை ஸ்பூனால் கலைத்து, மெதுவாக அழுத்தி உடனே ஊற்றிவிட வேண்டும். உள்ளேயே விட்டால் ஊறிக்கொண்டே இருந்து கசக்கும். இதில் எறியும் பொருள் எதுவும் இல்லை. கண்ணாடி உடைவது ஒன்றுதான் பயம். கழுவும் தொட்டியில் குழாயில் இடித்து உடைவதுதான் வழக்கம் என்பதால், எவர்சில்வர் உடம்புள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கனடாவில் கியூபெக்கின் ஷிக்கூட்டிமி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் ஓர் ஒப்பீடு வெளியிட்டார்கள். அதில் மின்சார டிரிப் இயந்திரத்தில் காகிதம் வைத்துப் போட்ட காபிக்குத்தான் கார்பன் அதிகம், சரியான அளவில் போட்ட இன்ஸ்டன்ட்டுக்குக் குறைவு, காப்ஸ்யூல் நடுவில். டிரிப் காபி அதிகமானதற்குக் காரணம் காகிதம் அல்ல. பொடி அதிகம் போகிறது, சூட்டுத் தட்டு மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. டிரிப் இயந்திரம் வைத்திருப்பவர்கள் இறங்கியதும் அணைத்து, பிளாஸ்க்கில் ஊற்றிவிடுங்கள். தட்டில் வைத்த காபி அரை மணியில் கருகிய ருசிக்குப் போய்விடும் என்பதால் நாக்குக்கும் அது நல்லது.

இன்ஸ்டன்ட், காப்ஸ்யூல், எஸ்பிரெஸ்ஸோ

ஒரு டம்ளருக்கு 2 கிராம் இன்ஸ்டன்ட் என்றால் 5.2 கிராம் பச்சைக் கொட்டை. பில்டரில் 10 கிராம் கலவைப் பொடியில் 8 கிராம் காபி, அதற்கு 9.5 கிராம் கொட்டை. தொழிற்சாலையில் உயர் அழுத்தத்தில், 150 டிகிரிக்கு மேல் சூடேறிய தண்ணீரால் கொட்டையின் சாரத்தைக் கடைசி வரை பிழிகிறார்கள், அதனால்தான் இன்ஸ்டன்ட் சிக்கனம். கொட்டைக் கணக்கில் அது ஜெயிக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ருசியில் அந்தப் பிழியலின் தழும்பு தெரிகிறது என்பது என் கருத்து. ஒரு தடவைக்கான சின்ன சாஷேயில் வாங்கினால் அந்தச் சிக்கனத்தை உறையே தின்றுவிடும், பாட்டிலில் வாங்குங்கள்.

காப்ஸ்யூலில் 5 அல்லது 6 கிராம் பொடிதான் இருக்கிறது. அளவு தப்ப வழியில்லை, வேண்டிய தண்ணீர் மட்டும் சூடாகிறது. கார்பன் தராசில் அது நினைப்பதைப் போல் மோசமில்லை. ஆனால் இரண்டு பேர், நாளுக்கு இரண்டு வேளை என்றால் வருஷத்துக்கு 1,460 காப்ஸ்யூல். பழைய அலுமினியத்தை உருக்கிப் புதிதாக்க, தாதுவிலிருந்து எடுப்பதில் 5 சதவீத ஆற்றலே ஆகும். அந்த லாபம் கிடைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு காப்ஸ்யூலாக மூடியைக் கிழித்து, ஈரச் சக்கையைச் சுரண்டி, கழுவிக் காயவைத்துத் தனியே சேர்க்க வேண்டும். 1,460 முறை. நம் தெருக் குப்பை வண்டியில் சக்கையோடு போகும் காப்ஸ்யூல் குப்பை மேட்டுக்குத்தான் போகும். ஆகவே என் சிபாரிசில் காப்ஸ்யூலுக்கு இடமில்லை.

எஸ்பிரெஸ்ஸோ இயந்திரத்தில் 18 கிராம் பொடிக்கு 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடி. ருசி பிரமாதம். 1,300 வாட் கொதிகலன் சூடேற பத்து நிமிடம் முழு வீச்சில் ஓடினாலே 0.2 யூனிட்டுக்கு மேல். காலையில் போட்டு ராத்திரி அணைக்கும் வீட்டில் காபிக்கு ஆகும் மின்சாரத்தைவிடக் காத்திருக்கும் மின்சாரம் அதிகம்.

தண்ணீர், அடுப்பு, பால்

ஒரு லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்ற 305 கிலோ ஜூல் வேண்டும். மின்சாரக் கெட்டிலில் இழப்போடு சேர்த்து 0.1 யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன், ஆக 70 கிராம். கேஸ் அடுப்பில் தீ பாத்திரத்தின் அடிக்குள் அடங்கி எரிந்தால் 11 கிராம் கேஸ், 33 கிராம் கார்பன். இன்றைய நிலக்கரி மின்சாரத்தில் கேஸ்தான் குறைவு. மாடியில் சூரிய மின்தகடு வைத்திருப்பவர்களுக்குப் பகலில் கெட்டில் குறைவு. எதுவானாலும் ஒரு டம்ளருக்குக் கேஸில் 5 கிராம், கெட்டிலில் 11 கிராம்தான். 250 மில்லிக்காக ஒன்றரை லிட்டர் கெட்டிலை நிரப்பிக் கொதிக்கவைப்பதுதான் இதில் பெரிய வீண்.

ஆர்ஓ தண்ணீர் பற்றி: ஒரு லிட்டர் சுத்தம் செய்ய இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும் இயந்திரங்கள் நிறைய. காபிக்கு அவ்வளவு சுத்தம் தேவையும் இல்லை. உப்பு அறவே நீங்கிய தண்ணீரில் காபி தட்டையாக, கூர்மையான புளிப்போடு வரும். 150 பிபிஎம் (லிட்டருக்கு 150 மில்லிகிராம்) அளவு கரைந்த உப்பு இருந்தால் ருசி எழும். போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீர் 600, 700 காட்டும் தெருக்களில் ஆர்ஓ தண்ணீரோடு கால் பங்கு போர்த் தண்ணீரைக் கலந்து கொதிக்கவைத்துப் பாருங்கள். தள்ளும் தண்ணீரை வாளியில் பிடித்தால் தரை துடைக்க ஆகும்.

இப்போது பால். உலகச் சராசரியில் ஒரு லிட்டர் பசும்பாலுக்குச் சுமார் 3 கிலோ கார்பன், அதில் பெரும்பங்கு மாட்டின் வயிற்றிலிருந்து வரும் மீத்தேனும் தீவனமும். டம்ளருக்கு 100 மில்லி என்றால் 300 கிராம். பில்டர் காபியில் கொட்டைக்கு 33 முதல் 143 கிராம், அடுப்புக்கு 5. டம்ளரின் சுமையில் பாதிக்கு வெகு மேலே பால்தான். 15 கிராம் பொடி தின்னும் காகித முறையில் பால் இல்லாத காபி கணக்கில் ஏன் பின்தங்கவில்லை என்பதற்கும் இதுவே விடை.

டிகிரி காபி குடிப்பவரைக் கடுங்காபிக்கு மாறச் சொல்வது என் நோக்கமில்லை. பால் காபி நம் நாக்கின் உரிமை. பொங்கி வழியும் பால், பாத்திரத்தின் அடியில் பிடித்துச் சுரண்டி எறியும் பால், 'இன்னும் கொஞ்சம்' என்று காய்ச்சி மிஞ்சிப்போகும் பால், இவற்றை நிறுத்தலாம். பாலை டம்ளராலேயே அளந்து பாத்திரத்தில் விடுங்கள். அடி கனமான பாத்திரத்தைத் தண்ணீரில் நனைத்துவிட்டு, அதன் பிறகு பால் ஊற்றினால் அடி பிடிப்பது குறையும். 180 மில்லி டம்ளருக்குப் பதில் 130 மில்லி டம்ளர் வைத்தால் யாரும் கேட்காமலே அளவு குறைந்துவிடும். நாளின் ஒரு வேளையை மட்டும் பால் இல்லாமல் குடிக்க விரும்புபவர்கள் சிக்கரி டிகாக்‌ஷனில் வெந்நீர் கலக்காதீர்கள், அது கசப்புத் தண்ணீர்தான். சிக்கரி இல்லாத 'பிளான்டேஷன் ஏ' தரக் கொட்டையையோ, பழத்துக்கு ஒரே உருண்டைக் கொட்டையாக விளையும் பீபரியையோ நடுத்தரமாக வறுத்து வாங்கி, காகிதத்திலோ பிரஸ்ஸிலோ போடுங்கள்.

கொட்டையும் சக்கையும்

கடைப் பலகையில் எழுதியிருக்கும் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. 'பிளான்டேஷன்' என்றால் பழத்தின் சதையை நீக்கித் தண்ணீரில் கழுவிய அராபிகா. 'பார்ச்மென்ட்' என்றால் கழுவிய ரொபஸ்டா (இன்னொரு காபி வகை). 'செர்ரி' என்றால் பழத்தோடு வெயிலில் காயவைத்தது. கழுவும் முறைக்கு நிறையத் தண்ணீர் வேண்டும், அந்தக் கழிவு நீரைச் சரிசெய்யாமல் விட்டால் ஓடை கெடும். செர்ரியில் அந்தச் சிக்கல் இல்லை. கழுவிய கொட்டையின் தெளிந்த ருசி செர்ரியில் வராது என்பதும் உண்மை. பாதிப் பாதி கலந்து வாங்குவது நடைமுறைக்கு ஒத்துவரும். இந்தியக் காபி பெரும்பாலும் மர நிழலில் வளர்வது. பலாவும் மிளகுக் கொடியும் நிற்கும் தோட்டங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் பறவைகளுக்கு இடம் கொடுக்கின்றன. சேர்வராயன் மலை, பழனி மலையின் கீழ்ச்சரிவு, வால்பாறை, நீலகிரி என்று தமிழ்நாட்டிலேயே விளைகிறது. எந்த மலைக் கொட்டை என்று கடைக்காரரிடம் கேளுங்கள், நல்ல கடைக்காரர் சொல்வார்.

பாக்கெட் பொடி வரும் பளபளப்பான உறை பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய பல அடுக்கு, அதைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். வறுத்து அரைத்துத் தரும் கடைக்கு எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுபோய்க் கால் கிலோ மட்டும் வாங்குங்கள். அரைத்த பொடி இரண்டு வாரத்துக்கு மேல் வாசனை தாங்காது. பால் கவர் ஒற்றைப் பிளாஸ்டிக், பழைய கடைக்காரர் எடுத்துக்கொள்வார். மூலையைத் துண்டாக வெட்டி எறியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறுங்கள். அந்த நகத்தளவு முக்கோணத் துண்டுகள் எங்கேயும் பொறுக்கப்படாமல் மண்ணில்தான் சேருகின்றன.

சக்கையைத் தொட்டியில் கழுவி விடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து குழாய் வளைவில் களிமண் மாதிரி இறுகும். மாலையில் மேல் அடுக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினால் வட்டமாக, அடை மாதிரி கழன்று விழும். அதை அப்படியே செடித் தொட்டியில் போட்டால் காய்ந்து ஓடு மாதிரி படிந்து தண்ணீரை உள்ளே விடாது. உதிர்த்து, மூன்று பங்கு காய்ந்த இலைச் சருகோடு கலந்து உரத்தொட்டியில் போட்டு, கைக்கு ஈரம் தெரியும் அளவு தண்ணீர் தெளித்து வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். மூன்று மாதத்தில் காபி வாசனை போய் மண்வாசனை வந்ததும் கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு கைப்பிடி போடலாம்.